பங்கில்லாத விடுதலை: செங்கல்பட்டுப் படியாள்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'சுதந்திரம்' என்கிற சொல்லிலிருந்தே தொடங்கலாம். நமக்கு இது 1947ஐயும் கொடியையும் பள்ளிக்கூடத்தில் தந்த ஆரஞ்சு மிட்டாயையும் நினைவூட்டுகிற சொல். 18ஆம் நூற்றாண்டின் செங்கல்பட்டு ஊர்க் கணக்குகளில் இதற்கு வேறு பொருள் இருந்தது. சுவதந்திரம், சுதந்தரம், சுதந்திரம் என்று எழுத்து மாறி மாறி வரும். களத்தில் நெல்லை அடித்துத் தூற்றிக் குவித்த பிறகு அந்தப் பொலியிலிருந்து கோயிலுக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு, தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், வெட்டியான் ஆகியோருக்கு இவ்வளவு, மிராசுதாரருக்கு இவ்வளவு என்று மரக்காலாலும் படியாலும் அளந்து கொடுக்கிற பரம்பரைப் பங்குக்குத்தான் சுதந்திரம் என்று பெயர். 'இந்தக் களத்துல உனக்குச் சுதந்திரம் உண்டா?' என்று அன்றைக்கு ஒருவன் கேட்டிருந்தால், 'இந்த ஊர் விளைச்சலில் உனக்குப் பாத்தியதை உண்டா?' என்றுதான் அர்த்தம். தமிழ் விவிலியம் இந்தப் பொருளை இன்னமும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதில் சுதந்தரம் என்றால் தகப்பன் வழியாக வருகிற சொத்து. சுதந்தரவாளி என்றால் வாரிசு.

ஆக, இந்த மண்ணில் சுதந்திரம் என்பது மனதின் நிலையாகவோ அரசியல் சாசனத்தின் வாக்குறுதியாகவோ தொடங்கவில்லை. அது ஒரு பங்கு. அளக்கக்கூடியது, மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடியது. அந்தப் பங்கு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்று கேட்டால் செங்கல்பட்டின் அடிமைமுறை வரலாறு திறந்துகொள்கிறது. 'விடுதலை' என்று காகிதத்தில் எழுதித் தந்தபோதெல்லாம் இந்த மக்களுக்கு அந்தப் பொருளிலான 'சுதந்திரம்' தரப்படவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஆற்காட்டு நவாபிடமிருந்து 1763இல் இந்தப் பகுதி கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. இங்குள்ள ஊர்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அளந்து கணக்கெடுத்தார். தரம்பால் வழிவந்த ஆய்வாளர்கள் இந்தக் கணக்குகளைத் தேடியெடுத்து வெளிக்கொண்டு வந்தார்கள். அது பெரிய பணி, மறுக்க முடியாது. ஆனால் அதிலிருந்து அவர்கள் தீட்டிக் காட்டிய சித்திரம், எல்லோருக்கும் பங்கு கொடுத்துத் தன்னைத்தானே ஆண்டுகொண்ட ஒரு பொற்காலக் கிராமத்தின் சித்திரம். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று அவர்கள் வாசித்தார்கள். யாருடைய உழைப்பு பெயரில்லாமல் கிடக்கிறது என்று நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது. வெட்டியானுக்கும் தோட்டிக்கும் ஊர்ப்பணி என்கிற முறையில் பங்கு உண்டு. அதே சேரியிலிருந்து வந்து ஏர் ஓட்டி, அண்டை வெட்டி, இறைத்து, அறுத்து, அடித்துப் பொலியைக் குவித்தவனுக்குப் பெரும்பாலும் கிடைத்தது பங்கல்ல, படி. உயிரோடு இருப்பதற்கான அளவு. அதனால்தான் அவன் பெயர் படியாள்.

2

தாம்பரத்தைச் சுற்றியிருக்கிற ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், வேங்கைவாசல், இரும்புலியூர், முடிச்சூர், மண்ணிவாக்கம். பெருங்களத்தூர் என்ற பெயருக்குள் ஒரு பெரிய களமே காதில் விழுகிறது (பெயர்க்காரணம் வேறாகவும் இருக்கலாம்). இன்று மனை விற்பவர்களின் தட்டிகளில் 'வளரும் பகுதி'களாக இருக்கிற இவை ஏரியும் நஞ்சையும் ஊரும் சேரியுமாக இருந்தவை.

தொண்டைமண்டலத்து மிராசு முறையில் ஊர் நிலம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பங்கு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வேளாளரும் பார்ப்பனரும். மற்றவர்கள் பாயகாரிகளாக, அதாவது வாரத்துக்கு உழுகிற குடிகளாக இருக்கலாம். பறையர் உழைப்பவராக மட்டுமே இருக்கலாம். மிராசுக்காரரின் பிடி விளைநிலத்தோடு நிற்கவில்லை. தரிசு, ஏரிமீன், புல், விறகு, குடியிருப்பு நத்தம் எல்லாவற்றிலும் அவருக்கே முதல் பாத்தியதை என்று கருதப்பட்டது. இந்தக் கடைசிச் சொல்லை, குடியிருப்பு என்பதை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வருவோம்.

இது அடிமைமுறைதானா என்கிற கேள்வி அன்றே எழுந்தது. திராவிட மொழிக்குடும்பம் பற்றி 1816இல் எழுதிய அதே எல்லிஸ்தான் அதே காலத்தில் மிராசு உரிமை குறித்தும் எழுதினார். நிலத்தோடு கட்டுண்ட அடிமைகள் இங்கு இருந்ததை அவரும் பதிவு செய்கிறார். 1818-19இல் வருவாய் வாரியம் ஆட்சியர்களிடம் அடிமைகள் பற்றி அறிக்கை கேட்டு வாங்கியது. அந்தக் காலத்து ஆவணங்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கிற குரல் ஒன்று உண்டு: இது மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைமுறை போன்றதல்ல, சாட்டையும் சங்கிலியும் இல்லை, எஜமானன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறான், கைவைத்தால் சாகுபடி கெடும். கடைசிக் காரணம்தான் நிஜக் காரணம். சாகுபடி கெட்டால் வரி கெடும்.

இந்தச் 'சாதுவான அடிமைமுறை' என்கிற கருத்தாக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். உலக அடிமைமுறைகளை ஒப்பிட்டு 1982இல் நூல் எழுதிய ஆர்லாண்டோ பாட்டர்சன், அடிமை என்பவன் பிறப்பின் வேர்களிலிருந்து அறுக்கப்பட்டவன், சமூக அளவில் செத்தவனாகக் கருதப்படுபவன் என்று விளக்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவருக்கு இது பொருந்தும். பெயரும் மொழியும் பாட்டன் பூட்டனும் பறிபோன பிறகே அவர் முழு அடிமையானார். செங்கல்பட்டுப் படியாளுக்கு நேர் எதிராக நடந்தது. அவனை யாரும் வேரோடு பிடுங்கவில்லை. அவன் யார் மகன் என்பது ஊருக்கே தெரியும். இன்னாருக்குப் பிறந்தான் என்பதாலேயே அவன் படியாள். அங்கே பிறப்பை அழித்து அடிமையை உண்டாக்கினார்கள், இங்கே பிறப்பே அடிமையை உண்டாக்கியது. விலைச்சீட்டு எழுத வேண்டிய தேவைகூடப் பல இடங்களில் இல்லை. சாதியே சீட்டு. சங்கிலி கண்ணில் படவில்லை என்று வெள்ளைக்கார ஆட்சியர்கள் எழுதியது ஒருவகையில் சரிதான். சங்கிலி சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கிடந்தது. அதைத் தாண்டி வேறெங்கும் வேலையும் கிடையாது, குடியிருக்க இடமும் கிடையாது.

இதை ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்பித்த சடங்கு கல்யாணம். பையனுக்குக் கல்யாணம் என்றால் பணம் வேண்டும். மிராசுதார் கொடுப்பார். அந்தக் கடன் தீராது, தீரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. தாலி கட்டின கையோடு புருஷன் படியாள் ஆனான். பெண்டாட்டி நாற்று நடவும் மாட்டுக்கொட்டகை கூட்டவும் சேர்ந்தே கட்டுப்பட்டாள். அவள் பெயரில் கடனும் கிடையாது, கூலியும் கிடையாது. பிள்ளை மாடு மேய்க்கப் போனான். ஒரு ஆளுக்குத் தந்த கடனில் ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. நம் வரலாற்றெழுத்து படியாளை ஆணாகவே கற்பனை செய்து பழகிவிட்டது. கணக்கில் ஏறாத அந்தப் பெண்ணின் உழைப்பு இந்த முறைக்குள் இருந்த இன்னொரு அடிமைமுறை.

3

பிரிட்டன் 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அடிமைகளை இழந்ததற்காக உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு செப்புக்காசும் இல்லை. நமக்கு முக்கியமான செய்தி வேறு. கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளும் இலங்கையும் செயின்ட் ஹெலினாவும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. இந்திய அடிமைக்கு 1843 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1843ஆம் ஆண்டு 5ஆம் சட்டம் மிகச் சிறியது. அடிமை என்ற பேரில் ஒரு மனிதரை அரசு அதிகாரி வரிபாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ விற்கக் கூடாது. அடிமை என் உடைமை என்று யாராவது கோரினால் நீதிமன்றம் அதை ஏற்கக் கூடாது. அடிமையாக இருந்தவர் சம்பாதித்த சொத்தை அந்தக் காரணம் காட்டிப் பறிக்கக் கூடாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகிற எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பதே குற்றம் என்று அது சொல்லவில்லை. 1860இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம்தான் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது.

அப்படீன்னா 1843இல் சேரியில் என்ன மாறியிருக்கும்? ஓடிப்போனவனைப் பிடித்துக்கொடு என்று மிராசுதார் இனி கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் அவர் எப்போது கோர்ட்டை நம்பி ஆள் வைத்திருந்தார்? அவரிடம் நிலம் இருந்தது, நெற்குதிர் இருந்தது, குடிசை நிற்கிற மண் இருந்தது. சட்டம் கைவைத்தது சீட்டின் மேல். பிடி இருந்ததோ மண்ணின் மேல்.

இதோடு நிற்கவில்லை. 1859இல் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப்போகிற ஆளைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பலாம் என்றது அது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று தொடங்கிப் பிற இடங்களுக்கும் நீட்டப்பட்ட இந்தச் சட்டம் 1925இல்தான் ரத்தானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'என் அடிமை ஓடிவிட்டான்' என்றால் நீதிமன்றத்துக்குக் காது கேட்காது. 'என் முன்பணத்தோடு ஓடிவிட்டான்' என்றால் கேட்கும். பீகாரின் கமியாக்கள் பற்றி 1990இல் எழுதிய கியான் பிரகாஷ் இதைத்தான் வேறு விதத்தில் சொன்னார்: எல்லோரும் சுதந்திர உழைப்பாளிகள் என்று காலனியச் சொல்லாடல் அறிவித்த பிறகு, பழைய கட்டுகள் எல்லாம் 'கடன்' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தன. அடிமை கடன்காரன் ஆனான். கடன்காரனுக்கு இரங்க வேண்டியதில்லை, அவன் 'தானாகக்' கையெழுத்திட்டவன்.

இந்தக் காலத்தின் இலக்கியத் தடயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது காவிரிக்கரைக் கதை என்றாலும் தமிழ்நாடு முழுக்கப் பாடப்பட்டது. சேக்கிழாரின் திருநாளைப்போவாருக்குப் பண்ணையார் கிடையாது. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில்தான் அவர் ஒரு வேதியரின் பண்ணையாள் ஆகிறார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கேட்டு நிற்கிறார். நாற்பது வேலியையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் எஜமானர். சட்டப்படி அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகள் ஆகவில்லை. 'போகலாமா' என்று கேட்டு நிற்கிற ஒரு உருவத்தைக் கேட்டவர்கள் அத்தனைபேரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். வேலையின் கடுமையைவிட, எழுந்து போக முடியாமைதான் பண்ணையாளின் இலக்கணம் என்பதை அந்தக் கதை அறிந்திருந்தது. தீர்வைத்தான் தெய்வத்திடம் விட்டுவிட்டது.

நிஜத்தில் எழுந்து போனவர்கள் கப்பலேறினார்கள். 1834 முதல் மொரீஷியஸுக்கு, 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்கு. விடுதலையான ஆப்பிரிக்க அடிமைகளின் இடத்தை ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக நிரப்பினார்கள். ஒரு கட்டிலிருந்து தப்ப இன்னொரு கட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

4

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர்கள் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தன் உழைப்பையும் தன்னையும் அடகுவைத்து ஆள்கள் எழுதிக்கொடுத்த பத்திரங்களை அதில் காட்டினார். சட்டம் வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆன பிறகு! ஆனால் அறிக்கையின் முக்கியத்துவம் இந்த அதிர்ச்சியில் இல்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவர் சரியாகத் தொட்டுவிட்டார் என்பதில் இருக்கிறது. ஒன்று, தரிசு நிலம். பறையர் ஒருவர் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதார் தன் முன்னுரிமையைக் காட்டித் தடுத்துவிடலாம். இரண்டு, வீடு. சேரிக் குடிசை நிற்கிற மனை மிராசுதாருடையது என்றால், எதிர்த்துப் பேசுகிறவனின் கூரையை மறுநாளே பிரிக்கலாம்.

தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு காலனியில் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: "அடிச்சாங்களான்னு கேக்கற தம்பி. அடிக்கறது என்னா, அது நாளெல்லாம் நடக்குமா? எங்க பாட்டன் சொல்லுவாரு, கூர நம்முது, மண்ணு அவங்குளுது. கூரய வேணா பிரிச்சித் தலமேல வச்சிக்கினு போ, மண்ண உட்டுட்டுப் போன்னுவாங்களாம். அப்புறம் எங்க வாயத் தொறக்கறது?" பக்கம் பக்கமாக அறிக்கைகள் சொன்னதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

டிரமென்ஹீர் கேட்டதையெல்லாம் அரசு ஏற்கவில்லை. வருவாய் வாரியத்துக்கு மிராசுதாரின் வரியும் நட்பும் வேண்டியிருந்தது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010, 1010-ஏ அரசாணைகள் வந்தன. இன்று 'பஞ்சமி நிலம்' என்று இயக்கங்கள் குறிப்பிடும் உரிமை தன் வரலாற்றை இந்த ஆணைகளிலிருந்துதான் தொடங்குகிறது. பின்னால் வந்த நிபந்தனை ஒப்படைகளில் ஒரு பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடகுவைக்கவோ கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம். 1920க்குப் பின் தொழிலாளர் துறை ஆணையர் வழியாக வீட்டுமனைகளும் வாங்கித் தரப்பட்டன.

இது வெள்ளைக்கார அதிகாரியின் கருணைக் கதை அல்ல. அறிக்கைக்கு முன்பே சேரிகள் மனுப்போடத் தொடங்கிவிட்டன. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த கௌடியும் நிலப்பிரச்சினையை எழுத நேர்ந்ததே, மதம் மாற வந்த மக்கள் முதலில் நிலத்தையும் மனையையும் பற்றிப் பேசியதால்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து மெல்ரோசாபுரம் அப்படி உருவான குடியிருப்பு. அதே பத்தாண்டில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்குகிறார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்துகிறார். பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா பின்னாளில் சட்டமன்றம் போய், 1922இல் 'பறையர்' 'பஞ்சமர்' என்ற சொற்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்று அரசு வழங்கத் தீர்மானம் கொண்டுவருகிறார்.

பரங்கிமலை என்பது தற்செயல் இல்லை. தென் புறநகரில் படியாள் முறையின் முதுகெலும்பு தளர்ந்ததற்குச் சட்டத்தைவிட வெளியேறும் வழிகள் காரணம். பரங்கிமலை, பல்லாவரம் ராணுவக் குடியிருப்புகள், ரயில்வே, கல் உடைக்கும் மலைகள், குரோம் லெதர் கம்பெனியால் பெயர்பெற்ற குரோம்பேட்டையின் தோல் தொழில் எல்லாம் நெல்லுக்குப் பதில் காசு கொடுத்தன. கையில் காசு வந்தவன் மிராசுதாரின் களத்துக்குப் போகாமல் இருக்க முடிந்தது. அந்தக் காசும் அழுக்கு, ஆபத்து, துர்நாற்றம் நிறைந்த வேலைகளுக்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிமைக்குச் சோறு போடுவதில் எஜமானனுக்கு அக்கறை இருந்தது, தீண்டத்தகாதவரைப் பொறுத்தவரை யாருக்கும் அந்தப் பொறுப்புகூட இல்லை என்று அம்பேத்கர் ஒப்பிட்டது இந்த நிலையைத்தான்.

நிலத்தின் கேள்வி இங்கு மட்டும் எழுந்ததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசியில், 1865 ஜனவரியில், தளபதி ஷெர்மன் விடுதலையான கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்று ஆணையிட்டார். அதே ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். விடுதலையானவர்கள் அதே நிலத்தில் வாரக் குடிகளாகவும் கடனாளிகளாகவும் திரும்பினார்கள். அடிமைமுறையை ஒழித்த அமெரிக்கர்களுக்கு 1873இல் தன் 'குலாம்கிரி'யைக் காணிக்கையாக்கிய ஃபுலேவுக்கு அந்த விடுதலை ஒரு முன்மாதிரி. அதன் தோல்வியும் நமக்கு ஒரு பாடமாகவே இருந்திருக்க வேண்டும்.

5

சுதந்திர இந்தியாவின் சட்டங்களை இந்த வெளிச்சத்தில் வாசித்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஆனால் தமிழ்நாட்டில் 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க ஒரு சட்டமும், 1971இல் அந்தக் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்க இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் நிறைவேறிய கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனை ரத்து செய்ததோடு நிற்கவில்லை. விடுவிக்கப்பட்டவரைக் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று தனியாக ஒரு பிரிவு எழுதியது. 1843 கவனிக்காமல் விட்டதை 1976 கவனித்தது. கூரையும் மண்ணும் பற்றிச் சேரிக்குத் தெரிந்ததைச் சட்டம் தெரிந்துகொள்ள 133 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தெரிந்துகொண்டதால் என்ன ஆயிற்று? 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்றது. 1995இல் அதே நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். மாநில அரசு அதை ஏற்கவில்லை. 'எங்கள் மாவட்டத்தில் அப்படி யாரும் இல்லை' என்கிற கம்பெனிக் காலத்துப் பதில் காலனியத்தோடு போய்விடவில்லை.

நிலத்தின் கதை இன்னும் மோசம். மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று தலித் இயக்கங்கள் கணக்குச் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி நிபந்தனையை மீறிக் கைமாறியது. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது பெயர்கள் மாறிப்போயின என்ற புகார் கிராமத்துக்குக் கிராமம் உண்டு. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். டிரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டம். நூறு ஆண்டுகளுக்கு முன் அரசே எழுதிக்கொடுத்த ஆணையை நிறைவேற்று என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் இது.

6

இன்று தாம்பரம் ஒரு மாநகராட்சி. 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அதில் சேர்ந்தன. நஞ்சை மனையானது, மனை அடுக்குமாடியானது. சேரி மட்டும் 'காலனி' என்ற பெயரில் பல இடங்களில் நடுவே நிற்கிறது. ஒரு மரக்கால் நெல் விளைந்த இடத்தில் ஒரு சதுர அடி ஆயிரக்கணக்கில் விலை போகும்போது, 1892இல் தரப்பட்டுப் பின் பறிபோன ஒரு ஏக்கரின் பெறுமானம் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுதலையின் விலை என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

கட்டும் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது, ஆளும் மாறியிருக்கிறது. செங்கல் சூளை, அரிசி ஆலை, கல்குவாரி, மரம் வெட்டும் காடு என்று நகரத்துக்கு வேண்டியதைத் தருகிற விளிம்பில் அது இருக்கிறது. அதற்குள் அதிகம் சிக்குபவர்கள் இருளர்கள். பஞ்சமிப் பட்டியலிலும் பெயர் வராத, மனையே இல்லாத மக்கள். 2017இன் வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் வந்தது சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளிலிருந்து. கல்லாகப் போய் நகரத்தின் சுவரானது ஒரு பாதி, குழியில் தேங்கி நகரத்தின் தாகம் தீர்த்தது இன்னொரு பாதி. வெட்டியவர்கள் எங்கே என்று நாம் கேட்கவில்லை.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படம் நாடெங்கும் பரவியது. அந்தப் படத்தைப் பார்த்து எல்லோரும் கண்கலங்கினோம். கலங்கியதில் தப்பில்லை. ஆனால் மனித உரிமைச் சொல்லாடலின் ஒரு வரம்பும் அந்தப் படத்தில் இருக்கிறது. மீட்பவர் ஒருவர், மீட்கப்படுபவர் ஒருவர். நன்றி சொல்லிக் காலில் விழுவதைத் தவிர இரண்டாமவருக்கு அங்கே வேறு வேலை இல்லை. விடுதலைச் சான்றிதழ் என்கிற காகிதம் கைக்கு வருகிறது. உடனடி உதவியாக 2016இன் திட்டப்படி 20,000 ரூபாய் வரை, 2022க்குப் பிறகு 30,000 வரை. ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று சொல்லப்படும் முழுத்தொகை முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சிடப்பட்டது. அந்த வழக்கு எப்போது முடியும்? அதுவரை அந்தக் குடும்பம் எங்கே படுக்கும்? மனை இல்லாதவர் மறுபடியும் முன்பணம் வாங்குவார். வேறொரு சூளை, வேறொரு மேஸ்திரி.

சான்றிதழ் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அது வேண்டும், சண்டை போட்டு வாங்க வேண்டும், முதலாளி ஜெயிலுக்குப் போக வேண்டும். ஆனால் சான்றிதழோடு பட்டாவும் சேர்ந்து வராவிட்டால் நாம் 1843ஐத்தான் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். 1891இல் மனுப்போட்ட சேரிகள் எங்களை மீட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. எங்கள் பங்கைக் கொடு என்று கேட்டன. காரணையிலும் கேட்டது அதுதான்.

அந்தக் காலனிப் பெரியவரிடம் விடைபெறும்போது, உங்களுக்கு இப்போது பட்டா இருக்கிறதா என்று கேட்டேன். "பேரனுக்குக் குடுத்துக்கறாங்க, ரெண்டு சென்ட்டு" என்றவர், எதிரே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தைக் கையால் காட்டினார். "அது பூரா களம் தம்பி. எங்க பாட்டன் நெல்லு அடிச்ச களம். பொலி அளக்கும்போது எல்லார் பேரும் கூப்புடுவாங்களாம். எங்க பேரு கடைசி வரிக்கும் கூப்புட்டதே இல்லியாம்."